பயப்படத் தெரிந்த ஆள்

லிப்ட் மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு லாரிக்குப் போகப்போகிறேன் என்று குணசீலன் சொன்னபோது வேலூரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்தவனைக் கேலி செய்யக்கூட அந்த வெயிலில் யாருக்கும் தெம்பு இல்லை. கத்திரி என்பது ஒரு காலத்தில் சித்திரைக் கடைசியில் வந்து வைகாசிப் பாதியில் கிளம்பிவிடுமாம். இப்போது மாசியிலேயே வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது, ஆடி பிறந்தாலும் எழுந்திருக்க மனசில்லை. பகலில் மின்சாரம் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாடிக் கட்டடங்களின் லிப்டுக்கும் மட்டும்தான். மற்ற வீடுகளில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

நெடுவழி கம்பெனியின் டிரைவர்களுக்கு மட்டும் அந்தக் கதி இல்லை. ராணிப்பேட்டையைத் தாண்டி அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருந்தது. சுவருக்குள்ளேயே குளிர்ந்த நீர் ஓடும் வீடுகள். உள்ளே போய்விட்டால் வருஷம் முழுக்க ஐப்பசிதான். அதற்குள் போக ஒரே வழி, குடும்பத்தில் ஒருவர் நெடுவழி வண்டியில் ஏற வேண்டும். வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன என்பது ஊருக்கே தெரியும். சட்டத்துக்காக ஒரு ஆளை உட்கார வைக்கிறார்கள், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்க வீடு கொடுக்கிறவன் ஏமாளி என்றும் பேசிக்கொண்டார்கள். ஊருக்கு எப்போதுமே தனக்குக் கிடைக்காத வேலையைப் பற்றித்தான் அதிகம் தெரியும்.

குணசீலனுக்குத் தொழிலில் குறையொன்றும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து லிப்ட்தான். மாடிகள் ஏறிக்கொண்டே போயின, வெயிலில் படியேறினால் மூன்றாவது மாடியில் விழுந்துவிடுவார்கள், ஆகவே லிப்ட் நின்றால் ஊர் நின்றது. எந்த லாட்ஜில் எந்த லிப்ட் படுத்தாலும் குணசீலனையும் அவன் கூட்டாளி இம்தியாஸையும்தான் கூப்பிடுவார்கள். இவ்வளவு இருந்தும் அவன் வேலையை விட நினைத்ததற்குக் காரணம் ஒரு ஃபியூஸ்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிப்ட் கூண்டின் மேலே ஏறுகிறவனோ அதற்குக் கீழே இருக்கும் அடிக்குழியில் இறங்குகிறவனோ மெயின் ஃபியூஸைத் தன் கையாலேயே பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவான். கூட்டாளி கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும் அவனிடம் கொடுக்க மாட்டான். ஃபியூஸ் பையில் இருக்கும்வரை யாரும் தெரியாமல் லிப்டை ஓட்டி இவனை நசுக்கிவிட முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

சென்ற கத்திரியில் குணசீலனின் மூத்த பிள்ளை கவின் செத்துப்போனான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மனைவி அமுதவல்லி எழுப்பப் போனபோது, "நல்லாத் தூங்கறான், வுடு" என்று குணசீலன்தான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து அவள் தொட்டுப் பார்த்தாள். அடுப்பில் வைத்த தட்டு மாதிரி சுட்டது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

அதற்குப் பிறகு அமுதவல்லி எதைக் கண்டாலும் பயந்தாள். குணசீலன் எதற்கும் பயப்படவில்லை. மனசு கல்லாகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கல் என்றால் கனமாவது இருக்கும். அவனுக்கு உள்ளே எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரி லிப்டில் இம்தியாஸ் மேலே இருந்து எட்டிப் பார்த்தபோது குணசீலன் அடிக்குழியில் இருந்தான். ஃபியூஸ் அதன் இடத்திலேயே இருந்தது. அந்த மாதத்தில் அது முதல் தடவையும் இல்லை.

"பையில இன்னாடா வெச்சிக்கினு கீற?" என்று கேட்டான் இம்தியாஸ்.

குணசீலன் பையைத் தொட்டுப் பார்த்தான். "அட, மறந்துட்டன்."

"நீ மறக்கல. மறந்தவன் ஞாபகம் வந்ததும் பதறுவான். உன் மூஞ்சியப் பாரு, டீ ஆறிப்போச்சின்ற மாதிரி சொல்ற." இம்தியாஸ் அவனைக் கைகொடுத்து மேலே தூக்கினான். "தப்பா நெனைக்காத குணா. நீ செத்தா நான் பாத்துக்கினு நிக்கணும். நாளைக்கி உன்னப் பாத்து நானும் மறப்பன். எனக்கு சின்னச் சின்னப் பசங்க. இனிமே உன்கூட என்னால எறங்க முடியாது."

இம்தியாஸ் வராவிட்டால் வேறு எவனும் வர மாட்டான். அன்று சாயங்காலம்தான் குணசீலன் லாரிப் பேச்சை வீட்டில் எடுத்தான்.

அமுதவல்லி மகள் மகிழினிக்கு ஈரத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயது வரவில்லை. பேசிக்கொண்டே அதன் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பது அமுதவல்லிக்குப் பழக்கமாகிவிட்டது. கண் எங்கேயிருந்தாலும் கை அங்கே போகும்.

"லாரின்னா வாரம் முச்சூடும் ரோட்டுலதான இருப்பீங்க? லிப்டுன்னா பொழுது சாஞ்சா வூட்டுக்கு வந்துடுவீங்க."

"லிப்டுதான் இனிமே இல்லன்றனே."

"வண்டி கவுந்துச்சின்னா? பிரேக் புடிக்கலன்னா? பதினஞ்சி வருஷமா கத்த வேலைய வுட்டுட்டு, தெரியாத வேலைக்கிப் போறது எனக்குப் பயமா இருக்குதுங்க."

"மகி இந்தக் கத்திரியைத் தாண்டணும் அமுதா."

குழந்தையின் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் அழுதாள்.

முடிவெடுத்த பிறகும் குணசீலனுக்கு ஒரு ரோஷம் இருந்தது. பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிற டிரைவராகப் போகக் கூடாது, ஓட்டத் தெரிந்த டிரைவராகத்தான் போக வேண்டும். பள்ளிகொண்டாவில் பழைய டிப்பர் வைத்திருந்த காத்தவராயன் என்பவரிடம் போய்க் கற்றுக்கொண்டு ஹெவி லைசென்ஸ் எடுத்தான். கை நடுங்காமல் இருக்கவும் கண் இமைக்காமல் இருக்கவும் பழகினான். எதிரே பஸ் வந்தால் ஸ்டீரிங்கைக் கடைசி வரை திருப்பாமல் வைத்திருந்தான். "உங்கள மாதிரி நெஞ்சழுத்தக்காரன நான் பாத்ததே இல்ல தலைவரே" என்று காத்தவராயன் பயந்துபோய்ச் சொன்னார். அதைப் பாராட்டு என்று குணசீலன் எடுத்துக்கொண்டான்.

நெடுவழியில் ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வீடு குடும்பத்துக்குத்தானே. பரிசோதனை செய்தவர் விஜயராணி என்ற டாக்டர். நடுத்தர வயது, மெதுவான பேச்சு. லைசென்ஸை நீட்டியபோது மரியாதைக்கு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அறைக்குள் லாரியின் முன்பக்கம் மாதிரியே ஒரு கூடு இருந்தது. குணசீலன் ஏறி உட்கார்ந்து கையை முன்னால் நீட்டினான். பிடிக்க ஒன்றும் இல்லை.

"ஸ்டீரிங் எங்க மேடம்?"

"அது கிடையாது சார்."

வயிற்றைச் சுற்றி அகலமாக ஒரு பட்டையைக் கட்டினார்கள். எதிரே திரையில் சாலை ஓடத் தொடங்கியது. மாடு குறுக்கே வந்தது. பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு கார் நேராக முகத்துக்கு வந்தது. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பையன் ஓடிவந்தான், அவனுக்கு ஏறக்குறைய கவின் வயதிருக்கும். குணசீலன் அசையவில்லை. பழகியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டான். இறங்கி வந்தபோது அவன் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு சிரிப்பு இருந்தது.

"ஒரு தரமாச்சும் பயந்தனா மேடம்?"

"இல்ல சார். ஒரு தடவைகூட இல்ல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதான் உங்களை எடுக்க முடியாது."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அமுதவல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"உட்காருங்க, சொல்றேன்" என்றார் டாக்டர். "வண்டிக்கு நம்ம கண்ணைவிட நல்ல கண்ணு இருக்கு. மாடு நின்னா மாடுன்னு தெரியும், தூரம் தெரியும், வேகம் தெரியும். ஆனா தெருவோரமா ஒரு பந்து உருண்டு வந்தா நமக்கு அடிவயித்துல சுருக்குங்குது பாருங்க, அது அதுக்கு வராது. பின்னாடியே ஒரு குழந்தை வரும்னு நம்ம உடம்பு யோசிக்கிறதுக்கு முன்னாடியே பயந்துடுது. வண்டி பந்தை மட்டும்தான் பாக்குது. நிறைய பேர் செத்தாங்க. கணக்குப் போட்டு வண்டிக்குள்ளயே பயத்தைக் கொண்டுவரப் பாத்தாங்க, முடியல. அதனால மனுஷங்கிட்டருந்தே எடுத்துக்கறோம். உள்ள ஒருத்தர் பயந்தா அந்தப் பட்டை வழியா வண்டியும் பயப்படும். வேகத்தைக் குறைக்கும். அதுக்குத்தான் ஆளு."

"நான் பயப்படக் கூடாதுன்னு பழகிக்கினு வந்தன் மேடம்."

"பழகினவங்க வெளியதான் நடுங்க மாட்டாங்க சார். உள்ள அடிக்கும், பட்டைக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்கு உள்ளயும் அடிக்கல." அவர் இருவரையும் பார்த்தார். "வீட்டுல சமீபத்துல ஏதாவது நடந்துச்சா?"

அமுதவல்லியின் கை குழந்தையின் கழுத்துக்குப் போனது. டாக்டர் புரிந்துகொண்டார் என்று அமுதவல்லிக்குத் தெரிந்தது. குணசீலன் மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்தது அந்தப் பட்டையை. எத்தனையோ வருஷமாக, வேலை செய்யாத எதைக் கண்டாலும் கோளாறு பொருளில்தான் இருக்கும் என்று நம்பியவன். தன்னிடம் இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"பட்டையிலதான் கோளாறு மேடம்" என்றான். "வொயர் எங்கியாச்சும் வுட்டுப்போயிருக்கும். எம் பொஞ்சாதிக்குக் கட்டிப் பாருங்க. அவகிட்டயும் அடிக்கலன்னா ஒத்துக்குவீங்க இல்ல?"

டாக்டர் வேண்டாம் என்றார். அவன் விடவில்லை. ஒரு மெக்கானிக் தன் வாதத்தை நிரூபிக்கப் பிடிக்கிற அடம் அது, அதற்கு முன்னால் டாக்டர் பட்டம் எல்லாம் நிற்காது. குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு அமுதவல்லி கூட்டில் ஏறி உட்கார்ந்தாள். பட்டையைக் கட்டினார்கள். திரையை இன்னும் போடவே இல்லை. குழந்தை குணசீலனின் கையிலிருந்து நழுவி இறங்கி, திறந்திருந்த கதவுப் பக்கம் நடந்தது. அவ்வளவுதான். டாக்டரின் மேஜையிலிருந்த கருவி அலறியது. அதன் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

டாக்டர் கருவியை அணைத்தார். பிறகு அமுதவல்லியைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா?"

"சைக்கிள்கூடத் தெரியாதுங்க."

"தெரிய வேணாம். உங்களுக்கு இன்னிக்கே வேலை போட்டுக் குடுக்கலாம். வீடும் சேத்து."

குணசீலன் தன் மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். அமுதவல்லி பட்டையை அவிழ்க்காமலே கேட்டாள்.

"தெனம் எடுத்துக்கினே இருந்தா பயம் தீந்துபோவாதா?"

நல்ல டாக்டர்தான், பொய் சொல்லவில்லை. "தீரும்மா. சிலருக்கு அஞ்சு வருஷம், சிலருக்குக் கம்மி."

"திரும்பி வருமா?"

"வந்ததா இதுவரைக்கும் யாரும் சொல்லல. ஆனா வீடு உங்களுக்கேதான். பயம் தீந்தாலும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. பயம் தீந்தவங்க நிம்மதியாத்தான் இருக்காங்க, யாரும் புகார் குடுத்ததில்ல."

பட்டையை அவிழ்த்த பிறகு வெளியே வராந்தாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். அங்கேயும் குளிர்ச்சியாக இருந்தது. மகிழினி ஈரத் துணி இல்லாமல், சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் ஓடினாள். அந்த வருஷத்தில் அவள் பகலில் ஓடியது அன்றுதான்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் இது என்று குணசீலனுக்கு அறிவு சொன்னது. ஒரு புருஷன் இங்கே பதற வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வா போகலாம் என்று இழுக்க வேண்டும். அவன் தனக்குள் தேடிப் பார்த்தான், அந்தப் பதற்றம் எங்கேயும் இல்லை. இம்தியாஸ் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்று குழியில் குணசீலன் ஃபியூஸை மறக்கவே இல்லை.

"உன் இஷ்டம்" என்றான்.

"நீங்க வேணான்னு சொல்லுவீங்கன்னு பாத்தன்."

"வேணான்னா, இவ?"

அமுதவல்லி ஓடுகிற குழந்தையைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். அவள் கழுத்தில் மாட்டிய அட்டையில் ஓட்டுநர் என்று போட்டிருந்தது. ஹெவி லைசென்ஸ் குணசீலனின் பையில் இருந்தது.

பங்குனி பிறப்பதற்குள் குடிவந்துவிட்டார்கள். வீடு சொன்னபடியே இருந்தது. ஆனால் வந்த அன்றே அமுதவல்லிக்கு ஏதோ உறுத்தியது. மாடிப்படியின் கைப்பிடிச் சுவர்மேல் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடின. எதிர் வீட்டுக்காரர், பயம் தீர்ந்து வீட்டோடு இருப்பவர், மூன்றாவது மாடி பால்கனிச் சுவரில் வெளிப்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் நல்ல மனிதர்கள், சிரித்த முகம், அழைத்துக் காபி கொடுத்தார்கள். அத்தனை பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் ஒரு தாய்கூட "பாத்துப் போ" என்று கத்தவில்லை என்பதை அவள் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. கண்டுபிடித்ததும் மகிழினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைத் தாழ்போட்டாள்.

வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவள் குணசீலனுக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்தாள். வேறு எப்படிச் சொல்வது அதை? காலையிலிருந்து அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள்.

"இந்த பக்கெட்ல தண்ணி நிக்கக் கூடாது."

"ஏன்?"

"கொழந்த தலைகீழா வுழுந்துடும். கவுத்துப் போட்டுடுங்க. வேர்க்கடல குடுக்காதீங்க, தொண்டையில நிக்கும். பால்கனிக் கதவ எப்பவும் சாத்தி வெய்ங்க. தூங்கறப்போ தொட்டுப் பாருங்க. சுட்டா உடனே எழுப்புங்க. நல்லாத் தூங்கறான்னு வுட்டுடாதீங்க."

கடைசியாகச் சொன்னதற்கு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. "எவ்ளோ நேரத்துக்கு ஒரு தரம்?" என்று கேட்டான்.

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. நேரம் பார்த்தா தொடுவார்கள்? கையே போகுமே. ஆனாலும் அவன் கேட்கிறானே என்று, "மணிக்கு ஒரு தரம்" என்றாள்.

நல்ல மெக்கானிக் அவன். சொன்னதை ஒன்று விடாமல் செய்தான். லிப்டுக்கு மாதாந்திரப் பராமரிப்பு செய்கிற மாதிரி பக்கெட், கதவு, அடுப்பு, குழந்தை என்று வரிசையாகப் பார்த்தான். போனில் மணி அடிக்கும், எழுந்து போய் மகிழினியின் கழுத்தில் கை வைப்பான். "ஏம்பா எப்பவும் மணி அடிச்சதும் தொடற?" என்று ஒருநாள் மகள் கேட்டாள். "அம்மா சொல்லியிருக்கா" என்றான்.

அமுதவல்லி வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் கூப்பிட்டாள். கிருஷ்ணகிரி, தும்கூர், ஹூப்ளி. முதல் வாரங்களில் அவளுக்குப் பேச்சே வராது, மூச்சுத்தான் வரும். நான் பயந்து பயந்து வண்டி நின்று நின்று போகிறது, கம்பெனியில் பாராட்டினார்கள் என்று அழுதுகொண்டே சொல்வாள். ஹலோ சொல்வதற்கு முன்னால், "தொட்டுப் பாத்தீங்களா?" என்பாள். "பாத்தன். ஜில்லுனு கீறா" என்பான். அப்புறம்தான் அவள் மூச்சு சீராகும். ஊருக்கு வருகிற நாட்களில் குழந்தையை மடியை விட்டு இறக்க மாட்டாள்.

ஆனி மாதத்தில் அவள் குரல் தெளிந்தது. ரோட்டோரத்து மரங்களைப் பற்றிச் சொன்னாள். ஹூப்ளியில் ஒரு கடையில் டீ நன்றாக இருக்கிறது என்றாள். உடம்பும் தேறியிருந்தது. நன்றாகத் தூக்கம் வருகிறது என்று சொன்னபோது, கவின் போனதிலிருந்து அவள் தூங்கியதே இல்லை என்பது குணசீலனுக்கு ஞாபகம் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

பிறகு ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். வெளியே தெருவில் ஆளே இல்லாத வெயில். மகிழினி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அமுதவல்லி வண்டி எங்கே நிற்கிறது என்று சொன்னாள். வழியில் ஒரு விபத்து என்றாள். ஒரு பையன் குறுக்கே வந்துவிட்டான், வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் நின்றது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாள். கடைக்காரர் இன்று டீயில் இஞ்சி தட்டிப் போட்டார் என்றாள். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னாள்.

குணசீலன் காத்திருந்தான். அவள் இன்னும் கேட்கவில்லை. பயம் தீர ஐந்து வருஷம் என்று டாக்டர் சொன்னார், ஆடி இன்னும் பிறக்கவில்லை.

"வெச்சிடட்டா?" என்றாள்.

"அமுதா." அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "தொட்டுப் பாத்துட்டன்."

"இன்னாத்த?"

அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அவள் நிதானமாக அவன் பதிலுக்குக் காத்திருந்தாள், அவசரம் எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல. டீயைக் குடி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

உள் அறையின் வாசலில் போய் நின்று தூங்குகிற மகளைப் பார்த்தான். இப்போது இந்த வீட்டில் இவளுக்காகப் பயப்பட ஒருவரும் இல்லை என்று நினைத்தான். நினைக்க முடிந்தது, அவ்வளவுதான். போனை எடுத்து மணி பார்த்தான். தொடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.